கையொப்பக்காரர்

போன ஐப்பசியில் தாமல் போயிருந்தேன். எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது. மழை பிடித்துக்கொள்வதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று அம்மா ஒரு மாதமாக டெலிபோனில் விரட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுக்காரர்கள் ஏறுவதற்கு முன்பு பரணைக் காலி செய்தோம். உடைந்த அண்டா, தாத்தாவின் நாற்காலி, பழைய மரக்கால் எல்லாம் இறங்கிய பிறகு, மூலையிலிருந்து நாலு சாக்குக் கட்டுகள் இறங்கின.

"டேய், உன் பொஸ்தகம்டா! பாதிய எலி தின்னுடுச்சு. மீதிய என்ன பண்ணப் போறே?" என்றாள் அம்மா.

என் முதல் சிறுகதைத் தொகுதி அது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் ஒன்றுவிடாமல் சுவைத்தவர்கள் எங்கள் வீட்டு எலிகள்தாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எந்த விமரிசகரும் அவ்வளவு சிரத்தை காட்டியதில்லை.

2002-இல் அந்தப் புத்தகத்தை நானே அச்சிட்டேன். பிரசுரம் செய்ய யாரும் முன்வராததால் வந்த வீரம். காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் ஐந்நூறு பிரதி. கையில் பணம் கிடையாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அதில் கோடு போட்டு, பெயர், விலாசம், முன்பணம், கையொப்பம் என்று தலைப்பு எழுதிக்கொண்டு, தாமலிலும் பாலுசெட்டி சத்திரத்திலும் காஞ்சிபுரத்திலுமாக ஒரு கோடை முழுவதும் அலைந்தேன். அறுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். புத்தகத்தின் விலை நாற்பது ரூபாய். முன்னால் கொடுப்பவர்களுக்கு முப்பது. சாக்குக் கட்டின் அடியில் அந்த நோட்டும் இருந்தது. அதோடு பழுப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே பெயர் எழுதி, நூல் போட்டுக் கட்டிய ஒரே ஒரு பிரதியும் இருந்தது. எப்படியோ எலி அதைத் தொடவில்லை. அந்தப் பிரதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கும்பகோணம் கல்லூரியின் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் இதே மாதிரி ஒரு ஜாப்தாவை வைத்துக்கொண்டு அலைந்தது ஞாபகத்துக்கு வந்தது. என்னை அவரோடு ஒப்பிட்டுக்கொள்வதாக யாரும் கோபிக்க வேண்டாம். அவர் அலைந்தது சீவக சிந்தாமணிக்காக. நான் அலைந்தது பன்னிரண்டு சிறுகதைக்காக. அலைச்சல் மட்டும் ஒரே ஜாதி.

உ. வே. சாமிநாதையர் 1880-இல் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். அந்த வருஷமே சேலம் இராமசுவாமி முதலியார் முனிசீபாக அந்த ஊருக்கு வந்தார். ஐயர் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக, முதலியார் சற்றும் அசையாமல் கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டதும், சிந்தாமணி ஏடு ஐயர் கைக்கு வந்ததும் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த கதை. பதிமூன்று இலம்பகம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள், அதற்கு நச்சினார்க்கினியர் உரை. ஏட்டுக்கு ஏடு பாடம் வேறு. ஐந்தாறு வருஷம் அதிலேயே மூழ்கிக் கிடந்தார். இதையும் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

புத்தகத்தை விற்றவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அது ஏனோ நமக்குக் கூச்சமாக இருக்கிறது. தமிழ்த் தாத்தா ஏடு தேடினார் என்றால் கண்ணில் நீர் துளிக்கிறது. தாத்தா காகிதக் கடைக்குப் பாக்கி வைத்தார் என்றால் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

ஏடு தேடுகிறவருக்கு வேண்டியது கால் பலமும் பொறுமையும். அச்சுப் போடுகிறவருக்கு வேண்டியது ரொக்கம். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து, சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பி. ஏ. பரீட்சையில் 1857-இல் தேறிய சி. வை. தாமோதரம் பிள்ளைக்கு இது நன்றாகத் தெரியும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-இலும் கலித்தொகையை 1887-இலும் அச்சேற்றியவர் அவர். கும்பகோணத்தில் வக்கீலாக இருந்த நாளில், சிந்தாமணியைத் தம்மிடம் கொடுத்துவிடும்படி ஐயரைக் கேட்டார். பதிப்பு வேலையின் கஷ்டங்களையும் எடுத்துச் சொன்னார். கேட்டதில் தப்பில்லை, அவர் சொன்ன கஷ்டங்களும் பொய்யில்லை. ஐயருக்கு மனம் வரவில்லை. வளர்த்த பிள்ளையைச் சுவீகாரம் கேட்டால் யாருக்குத்தான் வரும்? கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொல்லிய பிறகுதான் ரொக்கத்துக்கு வழி தேட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் அதற்கு ஒரே வழி கையொப்பம். புத்தகம் வருவதற்கு முன்பே விளம்பரம் அச்சடித்து, இன்ன நூல், இன்ன விலை, முன்பணம் கொடுத்தால் இவ்வளவு, பின்னால் வாங்கினால் இவ்வளவு என்று தெரிவித்து, நாலு பேரை நாடிப் போய்க் கையெழுத்து வாங்குவது. ஒரு ஜமீன்தாரோ மடாதிபதியோ முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட காலம் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. கடையில் போய்ப் புத்தகம் வாங்கும் பொதுஜனம் இன்னும் பிறக்கவில்லை. நடுவில் இருந்தவர் கையொப்பக்காரர். ஒரு பிரதிக்கு மட்டும் பிரபு என்று அவரைச் சொல்லலாம்.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமானதில்லை. 1759-இல் பாட்னாவில் பிறந்து, கம்பெனிப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பிறகு அயர்லாந்தில் குடியேறிய தீன் மஹமத் என்பவர் தம்முடைய சொந்த அனுபவங்களை 1794-இல் இங்கிலீஷில் புத்தகமாகப் போட்டார். இங்கிலீஷில் இந்தியர் ஒருவர் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அது. கார்க் நகரத்துக் கனவான்களிடமும் சீமாட்டிகளிடமும் போய் நின்று முந்நூற்றிருபது பேரிடம் முன்பணம் வாங்கி, அவர்கள் பெயரையெல்லாம் புத்தகத்தின் முகப்பிலேயே அச்சிட்டார். புத்தகம் முழுவதும் ஒரு நண்பருக்கு எழுதும் கடிதங்களாகவே இருக்கும். முந்நூற்றிருபது பேரிடம் கை நீட்டிய மனிதர், கதை சொல்வதற்கு மட்டும் கற்பனையாக ஒரு நண்பரை வைத்துக்கொண்டது எனக்கு மிகவும் இயற்கையாகப் படுகிறது. பணம் வாங்கிய இடத்தில் மனம் விட்டுப் பேசுவது கடினம்.

ஐயர் சிந்தாமணிக்குக் கையொப்பம் சேர்த்த அதே சமயத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? முன்னாள் ஜனாதிபதி கிரான்ட் தொண்டைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே தம் வாழ்க்கை நினைவுகளை எழுதி முடித்து 1885 ஜூலையில் கண்ணை மூடினார். கதாசிரியர் மார்க் ட்வெயின் தம் சொந்தக் கம்பெனியில் அதைப் பிரசுரித்தார். பழைய சிப்பாய்களை ஏஜெண்டுகளாக அமர்த்தி வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கச் செய்தார். மூன்று லட்சம் செட்டுக்கு மேல் விற்றது. கிரான்டின் மனைவிக்கு முதல் தவணையாகவே இரண்டு லட்சம் டாலர் செக் போயிற்று. கும்பகோணத்தில் ஏஜெண்டு, ஆசிரியர், ப்ரூப் திருத்துபவர், பார்சல் கட்டுபவர் எல்லாம் ஒரே ஆள். அச்சான பிரதிகளும் சில நூறுதான். போதாததற்கு, சைவ மடத்தில் படித்தவன் ஜைன நூலைக் கட்டிக்கொண்டு அழுகிறானே என்ற முணுமுணுப்பு வேறு. எங்கள் காஞ்சிபுரத்தின் கோடியில் திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் கோவில்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த முணுமுணுப்பு வேடிக்கையாக இருக்கிறது. ஐயருக்கு அது வேடிக்கையாக இருந்திராது. முணுமுணுத்தவர்களில் கையொப்பம் போடக்கூடியவர்களும் இருந்திருப்பார்கள்.

ஒரு சௌகரியம் இருந்தது. அதைச் சரித்திரக்காரர்கள் போதிய அளவு மதிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். தபால்! வி. பி. பார்சல் 1877-இல் வந்தது. காலணாத் தபால் கார்டு 1879-இல் வந்தது. தபாலாபீஸ் மணியார்டர் 1880-இல் வந்தது. ஐயர் உத்தியோகத்தில் சேருவதற்கும் இவையெல்லாம் வந்து சேருவதற்கும் சரியாக இருந்தது. அதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் இருந்துகொண்டு சென்னையில் புத்தகம் அச்சிடுவது எவ்வளவு பெரிய பாடாக இருந்திருக்கும்! இப்போது ப்ரூப் தபாலில் வந்தது, திருத்தித் தபாலில் போயிற்று. முன்பணம் கேட்கக் காலணா போதும். கிராமத்திலிருக்கும் வித்துவான் புத்தகத்தை வாசலில் வாங்கிக்கொண்டு அங்கேயே பணத்தைக் கொடுக்கலாம். பழந்தமிழ் நூல்கள் வெளிப்பட்டதில் ஓலைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதில் கால்வாசியாவது தபால்காரருக்கும் உண்டு என்பேன்.

சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று பத்தே வருஷத்தில் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் பணத்துக்கு இதே பாடு. தம் வரலாற்றை அவர் வெகுகாலம் கழித்து, 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942-இல் காலமாகும் வரையில் எழுதினார். முடிவு பெறாமலே அது 1950-இல் புத்தகமாயிற்று. பதிப்பு வேலையில் பட்ட மனக்கஷ்டத்தை அதில் அவர் மறைக்கவில்லை. ஆனால் குரலை உயர்த்தவும் இல்லை. எண்பத்தைந்து வயதில் எழுதும்போது பழைய பாக்கி கூட இனிமையாகிவிடுகிறது போலும்.

அதைவிட என்னை ஈர்ப்பவை கடிதங்கள். தமக்கு வந்த கடிதங்களை ஐயர் தூக்கி எறியவில்லை. மடாதிபதிகள், முனிசீபுகள், வக்கீல்கள், ஏடு வைத்திருந்தவர்கள், பாரிஸிலிருந்து தமிழிலேயே எழுதிய பேராசிரியர் ஜூலியன் வின்சோன் என்று ஆயிரக்கணக்கில் சேர்ந்தவற்றைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். அவர் பெயரால் 1943-இல் ஏற்பட்ட நூல்நிலையத்தில் அவை பத்திரமாக இருந்தன. 1877 முதல் 1900 வரையிலான கடிதங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2018-இல் ஒரு பெரிய தொகுதியாகவே வந்திருக்கிறது.

அதைக் கையில் எடுக்கிறவர்கள் ஒரு விஷயத்தை உணர்வார்கள். நமக்கு அங்கே கேட்பது பெரும்பாலும் ஒரு பக்கத்துக் குரல்தான். ஐயருக்கு வந்த பதில்கள் இருக்கின்றன. ஐயர் எழுதிக் கேட்ட கடிதங்கள் கேட்கப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போய்விட்டன. அங்கே என்ன ஆயிற்றோ! கறையானுக்குப் போனது போக, கம்பியில் குத்தி வைத்தது போக, போகிக்கு எரித்தது போக எத்தனை மிஞ்சியிருக்கும்? கேட்டவர் பத்திரப்படுத்தினார், கேட்கப்பட்டவர்களில் பலர் பத்திரப்படுத்தவில்லை. எனக்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. ஒரு கார்டு வந்தால் அதில் ஒரு ரூபாய் இருக்கிறதா, ஓர் ஏடு இருக்கிறதா, வெறும் ஆசீர்வாதம் மட்டும் இருக்கிறதா என்று துடித்துக்கொண்டு பிரித்தவர் அல்லவா? அவர் எப்படி அதை எறிவார்?

இதற்கு நேர்மாறான ஒரு சங்கதி இருக்கிறது. 1920 ஜூன் 28-ஆம் தேதி கடையத்திலிருந்து சுப்பிரமணிய பாரதி நண்பர்களுக்கு இங்கிலீஷில் ஒரு சுற்றுக்கடிதம் விடுத்தார். பன்னிரண்டு வருஷ அஞ்ஞாதவாசத்தில் எழுதிக் குவித்ததை நாற்பது புத்தகமாக வகுத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி. முதலில் இருபதினாயிரம் ரூபாய் வேண்டும். ஆளுக்கு நூறு ரூபாயாவது கடன் தரச் சொல்லி, மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி போட்டு, முத்திரை ஒட்டிய புரோநோட்டு எழுதித் தருவதாகச் சொல்கிறார். புத்தகம் சராசரி அரை ரூபாய். ஓரிரண்டு வருஷத்தில் ஒன்றரை லட்சம் லாபம் நிச்சயமாம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலப் புத்தகம் வீட்டுக்கு வீடு செலவாகிவிடும் என்பது அவர் கணக்கு.

நான் பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நாலு லட்சம் பிரதி. இரண்டு லட்சம் ரூபாய். இருபதினாயிரத்துக்கு மாத வட்டி மட்டும் நானூறு. இரண்டு வருஷத்தில் 9,600. வட்டியும் முதலும் கொடுத்த பிறகும் ஒன்றரை லட்சம் மிஞ்சும். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. வாங்குகிறவர்கள்தாம் கணக்கில் வரவில்லை. பதினைந்து மாதத்துக்குள் அவர் காலமானார். அந்த நாலு லட்சம் பிரதியும், அதற்கு மேல் பல மடங்கும், பின்னால் வந்தவர்கள் விற்றார்கள். 1949-இல் சென்னை அரசாங்கமே அவருடைய நூல்களின் உரிமையை வாங்கி, பிறகு பொதுச் சொத்தாக்கிற்று.

பாரதி விஷயத்தில் கேட்ட கடிதம் மிஞ்சியது. ஐயர் விஷயத்தில் பதில்கள் மிஞ்சின. ஒருவர் இருநூறு பேரிடம் நூறு நூறாகக் கேட்டு லட்சத்தைக் கண்டார். மற்றவர் ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு மனிதரைப் பார்த்து, எழுதி, மறுபடி எழுதி, கிடைத்ததைக் கொண்டு அடுத்த பாரத்துக்குக் காகிதம் வாங்கினார். பாரதியின் கனவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதி அச்சிடத் துணியும் வாலிபர்கள் என்னிடம் யோசனை கேட்டால், கும்பகோணத்து வழியைத்தான் சொல்வேன். அந்த வழியில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. பணம் வாங்கியவர் புத்தகத்தைக் கொடுத்துத் தீர வேண்டும். அதைத்தான் ஐயர் செய்தார். பிரதி பிரதியாக, கடிதம் கடிதமாக, தாம் வாங்கிய நம்பிக்கையைத் தீர்த்துக்கொண்டே வந்தார்.

இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை. பழுப்புக் காகிதப் பிரதிக்கு இப்போது வருகிறேன்.

என் நோட்டில் முதல் கையொப்பம் எங்கள் ஊர் நெசவாளர் ஒருவருடையது. எனக்குப் பெரியப்பா முறை. தறியிலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக மெதுவாகப் பெயரை எழுதினார். முப்பது ரூபாயை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "எனக்கு அவ்வளவாப் படிக்க வராதுப்பா. நம்ம ஊர்ப் புள்ள எழுதினதுன்னு வீட்டில இருக்கட்டும்" என்றார். அறுபத்தொரு பேரில் முன்பணம் கொடுத்தவர்கள் பத்தொன்பது பேர்தான். மற்றவர்கள் கையெழுத்து மட்டும் தந்தார்கள். அவர்களைப் பற்றிப் பல வருஷம் நான் எகத்தாளமாகப் பேசித் திரிந்திருக்கிறேன். ஒரு கதையில் கூட வைத்துக் கேலி செய்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பத்தொன்பது பேர் பணம் அச்சகத்துக்குப் போகவில்லை. அந்த ஆடியில் எங்கள் வீட்டில் ஒரு செலவு வந்தது, எடுத்துவிட்டேன். புத்தகம் பத்து மாதம் தள்ளிப் போயிற்று. வழியில் பெரியப்பாவைப் பார்த்தால் சந்து மாறிப் போவேன். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. புத்தகம் வந்து, பெயர் எழுதிக் கட்டி வைத்த வாரத்தில் அவர் இறந்துபோனார். துக்கம் நடந்த வீட்டுக்குப் புத்தகத்தோடு எப்படிப் போவது என்று தள்ளிப் போட்டேன். பிறகு போகவே இல்லை. பரணில் ஏறிவிட்டது.

ஓடு மாற்றிய மறுநாள் அம்மாவைக் கேட்டேன். பெரியப்பாவின் பெண் பாலுசெட்டி சத்திரத்தில் இருப்பதாகச் சொன்னாள். சாயங்காலம் பஸ் ஏறிப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று. அந்த அம்மாளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, அப்பா பெயரைச் சொன்ன பிறகு, "ஏரிக்கரைத் தெரு வீட்டுத் தம்பியா? உள்ள வாங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள். காகிதக் கட்டை நீட்டினேன். மேலே எழுதியிருந்த பெயரை விரலால் தடவிக்கொண்டே படித்தாள். நூலை அவிழ்க்கவில்லை.

"எவ்வளவு தம்பி?" என்று கேட்டு, அலமாரிப் பக்கம் போனாள்.

"அப்பாவே குடுத்துட்டாரும்மா" என்றேன்.

"எப்போ?" என்றாள்.

நோட்டைப் பிரித்து அவர் கையெழுத்தைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.